எடையைப் பார்த்து எலும்பைச் சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு துணுக்கு வந்திருந்தது. பல மிருகங்களின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு இருக்கிறது, மிருகம் பெரிதானால் எலும்பும் பெரிது, மனிதனுக்கு மட்டும் ஆண்டவன் அதை வைக்கவில்லை என்று நான்கு வரி. பக்கத்தில் கண்ணடிக்கும் கரடிப் படம். எங்கள் தெரு டீக்கடையில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. அரசுக் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். "நெசமா சார், இல்ல சும்மா எழுதிட்டாங்களா?" என்று கேள்வி. சிரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்கு வரியில் இரண்டு தப்பு இருந்ததுதான் உறுத்தியது.

முதல் தப்பு சின்னது. மனிதனுக்கு மட்டும் இல்லை என்பது சரியல்ல. மாடு, ஆடு, பன்றி, குதிரை, யானை, திமிங்கிலம், முயல் எதற்கும் அந்த எலும்பு கிடையாது. நாய், கரடி, எலி, அணில், வௌவால், பெரும்பாலான குரங்குகள் இவற்றுக்கு உண்டு. 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாலூட்டிகளின் வம்சாவளியை வைத்துக் கணக்குப் போட்டபோது, இந்த எலும்பு குறைந்தது 9 முறை தனித்தனியாகத் தோன்றி, 10 முறை மறைந்திருக்கிறது என்று வந்தது. ஆகவே இதில் மனிதனுக்குத் தனியாக ஓரவஞ்சனை எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது தப்புக்காகத்தான் இந்தக் கடிதம்.

மிருகம் பெரிதானால் எலும்பும் பெரிது என்கிறீர்கள். வீட்டுப் பூனையை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த கடுவன் 4, 5 கிலோ இருக்கும். அதன் எலும்பு அரை சென்டிமீட்டர் வந்தாலே பெரிது. எக்ஸ்ரேயில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வட அமெரிக்காவில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தின்னும் ரக்கூன் கிட்டத்தட்ட அதே பருமன், கொஞ்சம் கூடவும் இருக்கும். அதற்கு 10 சென்டிமீட்டர் நீளத்தில், நுனி வளைந்த எலும்பு. புலி 200 கிலோ இருந்தும் இந்த விஷயத்தில் ரக்கூனுக்குக் கிட்டவே வராது. ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலிக்கோ எலும்பே இல்லை. வட துருவக் கடலின் வால்ரஸ் 60 சென்டிமீட்டர் எலும்பை வைத்திருக்கிறது என்பது உண்மைதான். அது ஒன்றைக் காட்டி எல்லாவற்றுக்கும் விதி எழுதிவிட முடியாது.

இந்த எலும்போடு எனக்கிருந்த பழக்கமெல்லாம் நாயால் வந்தது. மூத்திரம் அடைத்துக்கொண்டது என்று தூக்கி வருவார்கள். காலைத் தூக்கியபடி நின்றுகொண்டே இருக்கும், சொட்டுச் சொட்டாக வரும், சில சமயம் ரத்தமும் சேர்ந்து வரும். கத்தீட்டரை விட்டால் ஓரிடத்தில் போய் நறநறவென்று தட்டும். அது கல். கல் ஏன் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கிறது? நாயின் ஆண்குறி எலும்புக்கு அடிப்பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடுகிறது. மூத்திரக் குழாய் அந்தப் பள்ளத்துக்குள்தான் போகிறது. மற்ற இடங்களில் குழாய் விரிந்து கொடுக்கும். இங்கே மேல்பக்கமும் இரு ஓரமும் எலும்பு, விரிய வழியில்லை. வழுக்கிக்கொண்டு வந்த கல் எலும்பின் பின்முனையை ஒட்டி அப்படியே உட்கார்ந்துவிடும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும்போது, கல்லை விட்டுவிட்டு எலும்பைப் பார்த்து, "கறிக்கடை எலும்பை முழுங்கிட்டானா டாக்டர்?" என்று பதறிய வீட்டுக்காரர்கள் உண்டு.

நாய்க்குள்ளேயே நின்றால் உங்கள் துணுக்கு சரி. பொமரேனியனுக்குச் சின்னது, ராஜபாளையத்துக்குப் பெரிது. ஓர் இனத்துக்குள் ஒரு கணக்கு, இனம் விட்டு இனம் போனால் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதை ஒழுங்காகப் பார்க்க ஏற்ற இடம் சிறிய ஊனுண்ணிகள். அதிலும் கீரி போல நீண்ட உடம்புள்ள வீசல், ஸ்டோட், மிங்க், மார்ட்டன், ஃபிஷர், நீர்நாய் எல்லாம் அடங்கிய மஸ்டெலிடே குடும்பம். இவற்றில் பல குளிர்நாட்டுக்காரர்கள். நம் பக்கம் என்றால் முக்கியமாக நீர்நாய்களும், மேற்குத் தொடர்ச்சி மலையில் தொண்டை மட்டும் மஞ்சளாக இருக்கும் நீலகிரி மார்ட்டனும். கீரியும் புனுகுப்பூனையும் பார்வைக்கு இந்தக் கூட்டம் மாதிரித் தெரிந்தாலும் அவை பூனை வழி வந்தவை. அந்த வழியில் இந்த எலும்பு பொதுவாகச் சிறியது.

சின்ன வீசல்தான் ஊனுண்ணிகளிலேயே மிகச் சிறியது. வட அமெரிக்காவில் சில இடங்களில் வளர்ந்த ஆண் 100 கிராம்கூடத் தேறாது. அதற்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் எலும்பு. சுமார் 1 கிலோ எடையுள்ள அமெரிக்க மிங்குக்கு ஏறத்தாழ 4.5 சென்டிமீட்டர், நுனி கொக்கியாக வளைந்திருக்கும். நாலரை கிலோ வரும் ஃபிஷருக்கு 10 சென்டிமீட்டர் வரை போகும்.

இப்போது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. உருவம் மாறாமல் ஒரு மிருகம் 8 மடங்கு எடை கூடினால், அதன் நீளம் 2 மடங்குதான் ஆகும். எடை மூன்று பக்கமும் கூடுகிறது, நீளம் ஒரு பக்கம் மட்டும். அந்தக் கணக்கில், மிங்கை அப்படியே ஃபிஷரின் எடைக்கு ஊதினால் எலும்பு 7.5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. சரி, அப்படியானால் இந்தக் குடும்பத்தில் உடல் வளர்வதைவிட வேகமாக எலும்பு வளர்கிறது என்று முடிவு கட்டிவிடலாமா? ஃபிஷரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையுள்ள வட அமெரிக்க ஆற்று நீர்நாயைப் பாருங்கள். அதற்கும் சுமார் 10 சென்டிமீட்டர்தான். இரட்டிப்பு எடைக்கு எலும்பில் ஒன்றும் கூடவில்லை.

எடைதான் எல்லாம் இல்லை என்றால் வேறு என்ன? பல காலமாக அடிபடும் விளக்கம், இணைசேர்ந்திருக்கும் நேரம். பூனைக்குச் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். மிங்கும் அதே குடும்பத்து ஃபெர்ரட்டும் ஒரு மணி நேரம், அதற்கு மேலும்கூட இணைந்திருக்கும். ஆண் பெண்ணின் பிடரியைக் கவ்வி அங்குமிங்கும் இழுத்துக்கொண்டு திரியும். ஊனுண்ணிகளிலும் குரங்கினத்திலும் நெடுநேரம் இணைசேர்கிறவற்றுக்கு நீண்ட எலும்பு என்று 2016-ல் லண்டன் ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். இன்னொரு விளக்கம், இவற்றில் பல பெண் மிருகங்களுக்கு இணைசேரும் தூண்டுதலில்தான் கருமுட்டை வெளிவரும், அந்தத் தூண்டுதலுக்கு எலும்பு உதவுகிறது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூனைக்கும் கருமுட்டை அப்படித்தான் வெளிவருகிறது, அதற்கு அரை சென்டிமீட்டர் எலும்பே போதுமாக இருக்கிறதே! பனி கொட்டும் வடக்குப் பிரதேச ஊனுண்ணிகளுக்கு எலும்பு நீளம் என்றுகூட 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை ஏற்படவில்லை.

ஓர் இனத்துக்குள் வந்தால் கேள்வி மாறுகிறது. ஒரே காட்டில் ஒரு பெரிய ஆண் மார்ட்டன், ஒரு சின்ன ஆண் மார்ட்டன். எலும்பும் அதே விகிதத்தில் பெரிது, சிறிதாக இருக்குமா? பூச்சிகளையும் சிலந்திகளையும் அளந்து 1998-ல் வந்த ஓர் ஆய்வு, இருக்காது என்று சொன்னது. ஆண் எந்தப் பருமனாக இருந்தாலும் அது சந்திக்கப்போகும் பெண் பெரும்பாலும் நடுத்தர அளவுதான், ஆகவே பிறப்புறுப்பு மட்டும் எல்லா ஆணுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் என்பது அதன் வாதம். வீசல் கூட்டத்துக்கு இது பொருந்தும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏனென்றால் இங்கே பெண் ஆணைவிட மிகவும் சிறியது. சில வீசல்களில் ஆணின் எடையில் பாதிதான். ஆனால் பாலூட்டிகளை அளந்தபோது விடை இனத்துக்கு இனம் மாறியது.

மாறுவதற்கு ஒரு பெரிய காரணம் வயது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வட அமெரிக்காவின் நீள்வால் வீசல் வசந்தத்தில் குட்டி போடும். அந்த ஆண்குட்டி குளிர் தொடங்குவதற்குள் தகப்பன் பருமனுக்கு வந்துவிடும். தராசில் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எலும்பை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். குட்டியின் எலும்பு மெல்லிசாக, அடிமுனை மொழுமொழுவென்று இருக்கும். மறு வசந்தத்தில் விரைகள் வேலை செய்யத் தொடங்கி ஆண் ஹார்மோன் ஏறிய பிறகுதான் அடிமுனையில் முண்டு முண்டாக எலும்பு படிந்து கனம் கூடும். விரலால் தடவினாலே சொரசொரப்பு தெரியும். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் பிலிப் ரைட் என்ற விலங்கியலாளர் 1940-களில் இதைப் பின்தொடர்ந்து பார்த்து எழுதினார். 1951-ல் மிங்கின் வயதைச் சொல்லவும் இதே எலும்பு போதும் என்று கட்டுரை வந்தது. ரோமத்துக்காகப் பொறி வைப்பவர்கள் தோலை உரித்துக்கொண்டு சடலத்தைக் கொடுப்பார்கள். உயிரியலாளர்கள் அந்த எலும்பை எடுத்து, சதையைக் கழித்து, காயவைத்து, எடை போட்டு, இது குட்டி, இது வளர்ந்தது என்று பிரித்து வைப்பார்கள். மாட்டுச் சந்தையில் தரகர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்கிறாரே, அதே வேலைதான். மார்ட்டன், ஃபிஷர் பற்றியெல்லாம் கனடாவிலிருந்து இத்தனை அளவுகள் கிடைப்பதற்கு இந்தப் பொறிக்காரர்களின் சடலங்கள்தான் காரணம்.

ஹார்மோன்தான் காரணம் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. மிகச் சின்ன வயதில் காயடித்த நாயின் எலும்பு முழு வளர்ச்சிக்கு வராமல் நின்றுவிடும்.

இப்போது பாருங்கள். குளிர்காலத்தில் பிடிபட்ட மிங்குகளை வயது பிரிக்காமல் ஒரே குவியலாக அளந்தால், முழு உடம்போடு இலேசான எலும்பு வைத்திருக்கும் இளசுகள் கணக்கைக் கெடுத்துவிடும். "உடலுக்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லை" என்று வரும். வயது வந்தவற்றை மட்டும் பிரித்து அளந்தால் வேறு விடை வரலாம். நீளத்தை அளந்தால் ஒன்று, எடை போட்டால் இன்னொன்று. ஏனென்றால் நீளம் முன்னாலேயே நின்றுவிடும், கனம் வயதோடு ஏறிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு எலும்பு முறிவதும் உண்டு. அருங்காட்சியகச் சேகரிப்புகளில் நீர்நாயின் எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருப்பதைக் காணலாம்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில் ஆற்றுத் தண்ணீர்.

ஆண் ஹார்மோனைக் கெடுக்கும் ரசாயனம் உடம்பில் ஏறினால், ஹார்மோனை நம்பி வளரும் இந்த எலும்பில் அது தெரிய வாய்ப்புண்டு. பழைய மின்மாற்றி எண்ணெயில் கலந்திருந்த பிசிபி என்ற ரசாயனம் அப்படிப்பட்டது. மீன் தின்னும் மிருகத்தின் கொழுப்பில் வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 1990-களில் வட அமெரிக்காவின் கொலம்பியா, ஃப்ரேசர் ஆறுகளின் பக்கம் பிடிபட்ட இளம் மிங்குகளில், பிசிபி அதிகமிருந்தவற்றுக்கு எலும்பு குட்டையாக இருந்தது. கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியில் இளம் நீர்நாய்களுக்கும் எலும்பு சிறுத்திருந்தது. 2013-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செத்துக் கிடந்த நூற்றுக்கணக்கான நீர்நாய்களைப் பரிசோதித்த விவரத்தை வெளியிட்டார்கள். 1992 முதல் 2009 வரையிலான அந்தச் சடலங்களில் ஆண்குறி எலும்பின் எடை காலப்போக்கில் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. சிலவற்றில் விரை கீழே இறங்காமல் இருந்திருக்கிறது. 2015-ல் பனிக்கரடிகளிலும் பிசிபி கூடியவற்றில் இந்த எலும்பின் அடர்த்தி குறைவு என்று வந்தது.

ஒரு நீர்நாயின் எலும்பு சின்னதாக இருக்கிறது என்றால், அது தண்ணீர் கெட்டதாலா, அந்த நீர்நாயே சின்னது என்பதாலா, இன்னும் வயதுக்கு வராததாலா? உடல் நீளமும் எடையும் வயதும் பக்கத்தில் எழுதியிருந்தால்தான் இதற்குப் பதில் உண்டு. எலும்பின் அளவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. துணுக்கில் விட்டுப்போனது இதுதான்.

நம் காவிரியிலும் மாயாற்றிலும் நீர்நாய் இருக்கிறது. மீன் வலையில் மாட்டிச் சாகிறது, பாலத்தருகே வண்டியில் அடிபடுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு என்பதால், வனத்துறையினர் கால்நடை மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்து, பிறகு எரித்துவிடுவார்கள். நானும் போயிருக்கிறேன். வெயிலில் ஊதிப்போன உடம்பு, மீன் கவிச்சியும் அழுகலும் கலந்த நாற்றம், கையுறையோடு குனிந்திருப்பவனைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள். காயம், நுரையீரல், ஈரல், குடலில் இருந்த மீன் முள் எல்லாம் எழுதுவோம். ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு வரி. அந்த எலும்பை அளக்க ஒரு கட்டம் நான் பூர்த்தி செய்த எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். அந்தச் சாயத்தைச் சுமந்த நொய்யல் காவிரியில்தான் சேர்கிறது. அந்தத் தண்ணீரின் மீனைத் தின்ற நீர்நாயின் உடம்பில் என்ன நடந்தது என்று கேட்டால் எடுத்துக்காட்ட என்னிடம் ஓர் அளவுகூட இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உடும்பின் ஆணுறுப்பைக் காயவைத்து, 'ஹத்தா ஜோடி' என்ற அதிர்ஷ்ட வேர் என்று சொல்லி இணையத்தில் விற்றது 2017-ல் அம்பலமானது. நரிக்கொம்பை மடியில் கட்டிக்கொண்டால் வழக்கு ஜெயிக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், வீரிய லேகிய விளம்பரத்துக்கு நேர் மேலே அந்தத் துணுக்கை அச்சிட்டிருக்கிறீர்கள்! பக்கம் கட்டியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். ஆனாலும் நாளைக்கு எவனாவது "கீரி எலும்பு, மரநாய் எலும்பு" என்று கிளம்பினால் சாகப்போவது அந்த வாயில்லா ஜீவன்கள். எந்த மிருகத்தின் எலும்பையும் அரைத்துக் குடித்து யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. அது வெறும் கால்சியம்.

என் கோரிக்கை எளிது. செத்துக் கிடைக்கும் நீர்நாய், கீரி, மரநாய், புனுகுப்பூனை எதுவானாலும், எரிப்பதற்கு முன் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், உடல் எடை, பல் தேய்மானம் இவற்றோடு, ஆணாக இருந்தால் அந்த எலும்பின் நீளத்தையும் எழுதும்படி பிரேதப் பரிசோதனைப் படிவத்தில் கட்டங்கள் சேர்க்க வேண்டும். எலும்பின் அடிமுனை மொழுக்கையா முண்டா என்று ஒரு குறிப்பும் இருந்தால் வயது ஓரளவு தெரிந்துவிடும். தனிப்பட்ட யாரும் எலும்பை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடம்பு சட்டப்படி அரசின் சொத்து. எலும்பை எரிக்காமல் வைக்க வனத்துறையே முடிவு செய்தால் இன்னும் நல்லது, எடையும் போடலாம். இதற்குத் தேவை ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சின்னத் தராசு. இரண்டும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் கிடைக்கும். வனத்துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டின் பார்வைக்கும் இதைக் கொண்டுபோக உங்கள் நாளிதழால் முடியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கால்நடை மருத்துவர்,
குத்தாலம்.